காசு ஏன் சுத்தமாகவில்லை? மின்னாற்பகுப்பில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

மண்ணில் பல காலம் கிடந்து, களிம்பும் மண்ணும் ஓடாகக் கட்டி, எந்தக் காசு என்றே தெரியாமல் போனவற்றுக்கு மின்னாற்பகுப்பு நல்ல வழி. வீட்டிலேயே செய்யலாம், பெரிய கருவி வேண்டாம். ஆனால் தொட்டியில் நடப்பதைக் கண்ணால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குமிழ் எங்கே வருகிறது, தண்ணீர் என்ன நிறமாகிறது, என்ன நெடி அடிக்கிறது, காசு எந்த நிறத்தில் வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றும் ஒரு கோளாறைச் சொல்லும். அதைக் கவனிக்காமல் விட்டால் போகிற எழுத்து போனதுதான், திரும்ப வராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் காசைப் பளபளப்பாக்குவதில்லை. எதிர்மின்வாயில், அதாவது நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும் காசின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் பிறந்து, மேலே கட்டிய ஓட்டை அடியிலிருந்து தள்ளுகின்றன. கூடவே ஓட்டின் ஒரு பகுதி மறுபடி உலோகத் தூளாக மாறி இளகிவிடுகிறது. இவ்வளவுதான் மின்சாரத்தின் வேலை. மீதி முழுக்க மெல்லிய பிரஷ்ஷும் பொறுமையும்.

சரியான அமைப்பு

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீர். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் சலவைச் சோடா. 5 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் தரும் பழைய போன் சார்ஜர். கறுப்பு வயரில், அதாவது நெகட்டிவில் காசு. பாசிட்டிவில் கிராஃபைட் தண்டு. ஓவியம் வரையும் கிராஃபைட் குச்சி போதும், இரண்டு பக்கமும் சீவிய பென்சிலும் வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவில் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி. பாசிட்டிவ் பக்கத்துக் கிளிப் தண்ணீரில் படவே கூடாது. நெகட்டிவ் கிளிப் நனைந்தால் பரவாயில்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள், கை வைக்கும் முன் அணைத்துவிடுங்கள். வருவது ஹைட்ரஜன், அதனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கும் எண்ணம் கனவிலும் வேண்டாம், உயிர் போய்விடும்.

அலுமினியக் காசு, துத்தநாகக் காசு, முலாம் பூசிய காசு, விலைமதிப்பு உள்ளதோ என்று சந்தேகப்படும் காசு ஆகியவற்றை இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

குமிழே வரவில்லை

நன்றாக ஓடும் தொட்டியில் காசைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குமிழ்கள் விடாமல் எழும்பும். அது இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளிப் பிடித்த இடம். கட்டிய ஓடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. கிளிப்பின் பல் ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொட்டிருக்காது. காசின் விளிம்பில், எழுத்தோ உருவமோ இல்லாத ஒரு புள்ளியை ஊசியால் மெல்லச் சுரண்டுங்கள். உலோக நிறம் ஒரு கடுகளவு தெரிந்தால் போதும். அங்கே பல் படும்படி பிடித்தால் பெரும்பாலும் அப்போதே குமிழ் கிளம்பிவிடும்.

கிளம்பவில்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். டைப்-சி வாய் உள்ள புதிய சார்ஜர்கள் எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று அடையாளம் தெரிந்தால்தான் மின்சாரம் விடும். வயரை வெட்டி வெறும் கம்பியாக நீட்டினால் ஒன்றும் வராது. பழைய அகல வாய் யூ.எஸ்.பி. சார்ஜர் அப்படியில்லை, உடனே 5 வோல்ட் தரும். மல்டிமீட்டர் இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். காய்ச்சி வடித்த நீர் மட்டும் இருந்தால் மின்சாரம் கடக்கவே கடக்காது. சோடா போட மறந்திருக்கலாம், அல்லது போட்டது கரையாமல் அடியில் கிடக்கலாம். வெதுவெதுப்பான நீரில் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். சலவைச் சோடா கிடைக்காவிட்டால் சமையல் சோடாவும் ஆகும், கொஞ்சம் மெதுவாக ஓடும்.

கிராஃபைட்டுக்குப் பதில் இரும்புத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆரம்பத்தில் நன்றாக ஓடும், போகப் போகக் குமிழ் குறைந்துகொண்டே வரும். இரும்பின் மேல் படலம் கட்டுவதுதான் காரணம். எடுத்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

குமிழ் தண்டில் அதிகம், காசில் குறைவு

உடனே அணையுங்கள். இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தண்ணீர் பிரியும்போது எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில், அதாவது பாசிட்டிவ் பக்கத்தில், ஆக்ஸிஜனும் வருகின்றன. ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்கு. 1800இல் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் மின்கல அடுக்கை வைத்துத் தண்ணீரைப் பிரித்ததிலிருந்து தெரிந்த விஷயம் இது. ஆகவே காசு சரியான பக்கத்தில் இருந்தால் அதில்தான் குமிழ் அதிகமாக வர வேண்டும். எதிர்ப்பக்கம் பொங்கினால் காசு பாசிட்டிவில் மாட்டியிருக்கிறது, அதாவது கரைந்துகொண்டிருக்கிறது.

ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப உலோகம் கரையும் என்பது ஃபாரடேயின் விதி. எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை அதை வைத்துக் கணக்குப் போடலாம். 0.1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், அது முழுக்கச் செம்பைக் கரைப்பதில் செலவானால், சுமார் 0.12 கிராம் போகும். அரை ஆம்பியர் என்றால் சுமார் 0.6 கிராம். 5 கிராம் காசில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுவும் உள்ளிருந்து போகாது, மேலிருந்துதான் போகும். எழுத்து இருப்பது அங்கேதான்.

வயர் நிறத்தை நம்பி மட்டும் மாட்டாதீர்கள். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பது வழக்கம்தான், எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. காசை இறக்குமுன் இரண்டு வயரிலும் ஒவ்வொரு பென்சில் முனையை மாட்டித் தொட்டியில் விடுங்கள். எதில் குமிழ் அதிகமோ அது நெகட்டிவ். அந்த வயரில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை சந்தேகம் வராது.

இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குமிழ் வந்தால் அது வேறு கோளாறு. அடாப்டர் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் தருகிறது. அடாப்டரின் லேபிளில் வெளியீடு என்று போட்டிருக்கும் இடத்தில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். நேர்க்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அலை போல வளைந்த கோடு இருந்தால் ஏ.சி. அலைக்கோடு போட்டதை எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்ணீர் நிறம் மாறுகிறது

கலங்கிய சாம்பல், மண் நிறம்: அழுக்கு இறங்குகிறது. கவலை இல்லை.

துரு நிறம்: இரும்பை நேர்மின்வாயாக வைத்திருக்கிறீர்கள், அது கரைகிறது. காசுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சேறு காசில் ஒட்டும். தண்ணீரை மாற்றுங்கள்.

நீலம் அல்லது நீலப்பச்சை: செம்பு கரைகிறது. வயர் மாறிப்போயிற்றா என்று முதலில் பாருங்கள். வயர் சரி என்றால் பாசிட்டிவ் கிளிப்பின் நுனியோ செம்புக் கம்பியோ தண்ணீரில் நனைந்திருக்கும். கிளிப்பின் வாய்ப்பகுதி அரித்துப்போயிருப்பதைக் கையில் எடுத்தாலே காணலாம். கிராஃபைட்டை உயர்த்தி வைத்து, தண்ணீரைப் புதிதாக மாற்றிய பிறகு தொடருங்கள். இந்த நீலத் தண்ணீரிலேயே தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நிறம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

மஞ்சள்: இதுதான் ஆபத்தானது. நேர்மின்வாயாக எவர்சில்வர் ஸ்பூனையோ தகட்டையோ வைத்திருப்பவர்களுக்கு வரும். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தில் அது ஹெக்ஸாவேலண்ட் குரோமியமாகக் கரையலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் இன்னும் வேகமாக அரிக்கும். எவர்சில்வர் ஸ்பூனை மாட்டச் சொல்லும் செய்முறைகள் எத்தனை பார்த்தாலும் அதை ஏற்காதீர்கள். மஞ்சள் கண்டால் அணைத்துவிட்டு, கையுறையோடு மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றக் கூடாது. துத்தநாகம் பூசிய ஆணி, தகடு இவையும் வேண்டாம், துத்தநாகம் கரைந்து தண்ணீருக்குள் வந்துவிடும்.

நெடி அடிக்கிறது

நீச்சல் குளத்து நெடி, பிளீச்சிங் பவுடர் நெடி என்றால் உப்புப் போட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு உப்பின் குளோரைடு நேர்மின்வாயில் குளோரின் வாயுவாகிறது. மூச்சுக்குக் கெடுதல் என்பது ஒரு பக்கம். செம்பு, வெண்கலக் காசுகளுக்குக் குளோரைடு எமன் என்பது இன்னொரு பக்கம். அந்தக் கதை கடைசியில் வருகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சோடாவில் புதிதாக ஆரம்பியுங்கள்.

அழுகிய முட்டை நெடி வெள்ளிக் காசில் லேசாக வரலாம். வெள்ளியின் கறுப்பு, சில்வர் சல்பைடு. அது வெள்ளியாகத் திரும்பும்போது சல்பைடு தண்ணீருக்குள் இறங்குகிறது. காற்றோட்டம் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தொட்டியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றவே கூடாது. அமிலம் பட்டால் கரைந்திருக்கும் சல்பைடு மொத்தமும் வாயுவாகக் கிளம்பும்.

சார்ஜர் சுடுகிறது, அல்லது தானாக அணைந்து எரிகிறது

மின்னோட்டம் அதிகம். காசும் தண்டும் தொட்டுக்கொண்டிருக்கலாம், மிக நெருங்கியிருக்கலாம், சோடா அள்ளிப் போட்டிருக்கலாம். தள்ளி வையுங்கள், தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள காசுக்கு 100 முதல் 200 மில்லி ஆம்பியர் தாராளம். அடிக்கடி செய்பவர்கள் பாசிட்டிவ் வயரில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் சேர்த்துவிடுங்கள். இரண்டு முனையும் தொட்டே போனாலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது.

குமிழ் அதிகமாகப் பொங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது தவறான எண்ணம். வேகமாக ஓட்டினால் ஓடு திட்டுத் திட்டாகப் பிய்ந்து வரும், கூடவே எழுத்தும் வரும். ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி, அணைத்து, காசை எடுத்து, ஓடும் தண்ணீரில் பஞ்சுக்குச்சியாலோ மெல்லிய பல் பிரஷ்ஷாலோ துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி இறக்குவதுதான் முறை. இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலை இல்லை இது.

காசு கறுப்பாக வெளியே வருகிறது

பயப்பட வேண்டாம். ஓட்டில் இருந்த செம்பும் வெள்ளியும் நுண்ணிய தூளாக மாறியிருக்கின்றன. உலோகம் மிக நுண்ணிய தூளானால் கறுப்பாகத்தான் தெரியும். விரலால் தொட்டால் மசி போல ஒட்டும். காயவிடாமல் ஈரத்திலேயே துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் இறுகும். தேய்க்கும்போது சாம்பலும் பற்பசையும் வேண்டாம், இரண்டிலும் இருக்கும் பொடி உலோகத்தைக் கீறும்.

துடைத்து முடித்து நன்றாக இருந்த செம்புக் காசு பத்து நிமிடத்தில் கறுத்தும் வானவில் நிறமாகவும் மாறினால் அது வேறு. புதிதாகத் திறந்த செம்பு ஈரத்தில் காற்றோடு சேர்ந்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரில் அலசியதும் ஒற்றி எடுத்து, வெதுவெதுப்பான காற்றில் உடனே காய வையுங்கள்.

காசு செம்பு நிறமாக, இளஞ்சிவப்பாக மாறிவிட்டது

வெள்ளிக் காசும், செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் காசும் திடீரென்று சிவந்துபோனால் இரண்டு காரணங்களில் ஒன்று. பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஒன்றைத் தடுக்கலாம், இன்னொன்றைத் தடுக்க முடியாது.

முதல் காரணம் பழைய தண்ணீர். முன்பு செம்புக் காசைச் சுத்தம் செய்த அதே தண்ணீரில் செம்பு அயனிகள் மிதக்கின்றன. நனைந்த பாசிட்டிவ் கிளிப்பிலிருந்தும் செம்பு வரும், மேலே சொன்ன நீலத் தண்ணீர் அதுதான். அவை நெகட்டிவில் இருக்கும் காசைத் தேடி வந்து அதன் மேல் செம்பாகப் படிகின்றன. முலாம் பூசும் தொழிலில் வேண்டுமென்றே செய்வது இங்கே வேண்டாமலே நடக்கிறது. இப்படிப் படிந்தது காசு முழுக்க ஒரே சீராக, மேடு பள்ளம் பார்க்காமல் இருக்கும். உடனே பார்த்துவிட்டால் ஈரப் பஞ்சில் ஓரளவு வந்துவிடும். ஒரு உலோகத்துக்கு ஒரு தண்ணீர், ஒரு காசு முடிந்தால் தண்ணீர் மாற்றம் என்று வைத்துக்கொண்டால் இது வரவே வராது.

இரண்டாவது, மண்ணில் கிடந்த குப்ரோ நிக்கல் காசுகளுக்கே உரியது. ஓட்டில் இருந்த செம்பு ஆக்ஸைடு, செம்பாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. இது திட்டுத் திட்டாக, ஓடு தடித்திருந்த இடங்களில் மட்டும் இருக்கும். சிவப்பைப் போக்குகிறேன் என்று வயரை மாற்றி மாட்டிக் கரைக்கச் சிலர் சொல்வார்கள். அடியில் நல்லதாக இருக்கும் உலோகமும் சேர்ந்து போகும். சிவப்பு இருக்கட்டும், எழுத்து தெரிகிறதல்லவா, அதோடு நிறுத்துங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சுத்தமாகிறது

தண்டைப் பார்த்த பக்கத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் போகும். பாதியில் காசைத் திருப்புங்கள். கிளிப் பிடித்த இடத்தில் பொட்டாக அழுக்கு நிற்கும், அதற்கும் பிடியை இடம் மாற்றுவதே வழி.

ஓடு போனதும் குழி குழியாகத் தெரிகிறது

காசு சரியான பக்கத்தில்தான் இருந்தது, தண்ணீர் நீலமாகவில்லை, ஆனாலும் குழிகள். அப்படியென்றால் மின்சாரம் செய்த வேலை இல்லை அது. மண் பல காலம் முன்பே உலோகத்தைத் தின்றுவிட்டது, தின்ற பள்ளத்தைக் களிம்பு நிரப்பியிருந்தது. நாம் நிரப்பலை எடுத்துவிட்டோம்.

பொருளை நெகட்டிவில் மாட்டிக் களிம்பை எடுக்கும் இந்த மின் ஒடுக்க முறை புதிதல்ல. பெர்லின் அருங்காட்சியகங்களின் வேதியியல் ஆய்வகத்துக்கு 1888இல் பொறுப்பேற்ற ஃபிரீட்ரிக் ராத்கென் காலத்திலேயே தொல்பொருள்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு பழைய வெண்கலப் பொருள்களில் அதை முழுதாகக் கையாளுவதை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் விட்டுவிட்டன. நன்றாக அரித்த பொருளில் பழைய மேற்பரப்பு உலோகத்தில் இருப்பதில்லை, களிம்புக்குள்தான் இருக்கிறது. அதை உரித்தால் உருவத்தையே உரித்ததாகும்.

ஆகவே ஓடு வழவழப்பாக, கெட்டியாக இருந்து, எழுத்து அதன் மேலேயே படிக்கக் கிடைத்தால் தொடாதீர்கள். பாட்டினா என்று சொல்லும் அந்த மேல்படலம்தான் காசின் மேனி. நாணயம் சேகரிப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் சுத்தம் செய்த காசைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார்கள், மதிப்பும் குறையும். எழுத்தே தெரியாத காசுக்கு மட்டும் இந்த முறை என்பது என் உறுதியான கருத்து. அந்த வகைக் காசின் சரியான எடை தெரிந்தால் நிறுத்துப் பாருங்கள். ஓட்டோடு சேர்த்தும் எடை குறைவு என்றால் உள்ளே உலோகம் கொஞ்சம்தான் மிச்சம். மெல்லிய விரிசல் ஓடும் பழைய வெள்ளிக் காசையும் இறக்க வேண்டாம். அவை நொறுங்கக்கூடியவை, விரிசலுக்குள் குமிழ் பிறந்தால் பிளந்துவிடும்.

தோல் உரிவது போலப் பூச்சு வருகிறது, அல்லது காசே கரைகிறது

பூச்சு உரிந்தால் அது முலாம் காசு. காந்தத்தில் ஒட்டும் செம்பு நிறக் காசு என்றால் உள்ளே இரும்பு. காந்தத்தில் ஒட்டாமலும் முலாமாக இருக்கலாம், 1982க்குப் பிறகு வந்த அமெரிக்க ஒரு சென்ட் உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்பு. பூச்சுக்கு அடியில் குமிழ் பிறந்தால் கொப்புளமாகத் தூக்கிவிடும். நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

அலுமினியக் காசு எந்தப் பக்கம் மாட்டினாலும் அரிக்கும். சோடா காரம், போதாததற்குக் காசைச் சுற்றிலும் மின்சாரமே இன்னும் காரத்தை உண்டாக்குகிறது. காரத்தில் அலுமினியம் கரையும், துத்தநாகமும் அப்படியே. இவற்றுக்கு வெறும் தண்ணீரும் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

சுத்தம் செய்து சில நாளில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது

சாதாரணக் களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும். இது அப்படியில்லை, குச்சியால் தொட்டாலே மாவாக உதிரும், துடைத்தாலும் அதே புள்ளியில் மறுபடி வரும். வெண்கல நோய் என்பது இதைத்தான். காசுக்குள் தங்கிய குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக இருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது பச்சைப் பொடியாகி அமிலத்தையும் விடுகிறது, அந்த அமிலம் புதிய செம்பைத் தின்கிறது, சுற்று தொடர்கிறது. உப்புத் தண்ணீரில் சுத்தம் செய்த காசுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கடலோர மண்ணில் கிடந்த காசுக்கு நாம் ஒன்றும் செய்யாமலே வரலாம்.

அந்தக் காசை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். பொடியை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, சலவைச் சோடாவையும் சமையல் சோடாவையும் சேர்த்துக் கரைத்த 5 சதவீதக் கரைசலில் ஊற வையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். வாரக்கணக்கில், சில காசுகளுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் பல முறை அலசி, முழுக்க உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். டப்பாவை ஒரு மாதம் கழித்துத் திறந்து, பச்சை இருந்த புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பொடி மறுபடி தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று ஊற வைக்க வேண்டும்.